லொறி ரயர் முன்கூட்டியே தேய்ந்தால்: உத்தரவாதத்தை எப்படிக் கேட்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயமோ வாழைக்குலையோ ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியால் கொழும்புக்குப் போகும் லொறி, ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை போய் வந்தால் 1,600 கிலோமீற்றர். போர் முடிந்தபின் லீசிங்கில் லொறி எடுத்துத் தொழில் தொடங்கிய குடும்பங்களுக்கு, தவணையும் டீசலும் போக மிஞ்சும் பெரிய செலவு ரயர்தான். 2022 இல் ரூபாய் சரிந்த பிறகு அந்தச் செலவு இன்னும் கடுமையாகிவிட்டது.

ஆனாலும் ரயர் நேரத்துக்கு முன் தேய்ந்தால் உத்தரவாதத்தைக் கேட்டுப் போகிறவர்கள் குறைவு. நான் பேசிய லொறி உரிமையாளர் ஒருவர் சொன்னார்: "கேட்டுப் போனால், பாரம் கூட ஏத்தினியள், காத்துப் பார்க்கேல்லை எண்டு எங்களையே திருப்பிக் கேப்பினம். எங்களிட்டைக் காட்ட ஒண்டும் இல்லை." சிக்கல் அந்தக் கடைசி வசனத்தில்தான் இருக்கிறது.

முதலில், எந்த உத்தரவாதம் என்று தெரிய வேண்டும். உற்பத்திக் குறைபாட்டுக்கான உத்தரவாதம் வேறு. இத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற தேய்மான உத்தரவாதம் வேறு. லொறி ரயர்களுக்கு இரண்டாவது எப்போதும் கிடைப்பதில்லை. கடைக்காரர் வாயால் சொல்வதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை.

அடுத்தது, தேய்ந்த விதம். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று கூட. இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு அல்லது பாரம் கூட. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் வீல் அலைன்மென்ட் பிழை. பின்பக்க இரட்டைச் சில்லுகளில் ஒன்று புதிதும் மற்றது பழையதுமாக இருந்தால், உயரம் கூடிய ரயர் கூடுதல் பாரத்தைத் தாங்கும். உயரம் குறைந்தது இழுபட்டுத் தேயும். இவற்றுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. ரயர் முழுவதும் ஒரே சீராக, ஆனால் வேகமாகத் தேய்ந்திருந்தால்தான் உங்கள் கோரிக்கைக்கு வலு உண்டு.

இனிக் கணக்கு. ஒரு புது ரயரின் தவாளிப்பு ஆழம் 16 மில்லிமீற்றர், உத்தரவாதம் 50,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீற்றர் மிஞ்சும்வரை ஓட்டினால், தேய்வதற்கு இருப்பது 14 மில்லிமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். 30,000 கிலோமீற்றரிலேயே முடிந்துவிட்டால், ஓடாத பங்கு 40 சதவீதம். இத்தகைய உத்தரவாதங்களில் பெரும்பாலும் முழு விலை திரும்பக் கிடைக்காது. அந்த 40 சதவீதம் அடுத்த ரயரின் விலையில் கழிக்கப்படும்.

சட்டத்தில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றி முறையிட இடமளிக்கிறது. விசாரணைக்குப் பின் இழப்பீடு வழங்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ சபை கட்டளையிடலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன லொறி மூன்று மாதத்தில் ஓடுவது ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர். 50,000 கிலோமீற்றரை எட்ட ஏழு மாதம் செல்லும். மொட்டையாகும்வரை காத்திருந்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆகவே முதல் மாதத்திலிருந்தே அளக்க வேண்டும். ஆழம் அளக்கும் சிறு கருவியோ மில்லிமீற்றர் அடிமட்டமோ போதும். 10,500 கிலோமீற்றரில் 3 மில்லிமீற்றர் தேய்ந்திருக்க வேண்டும். புது ரயர் தொடக்கத்தில் சற்று வேகமாகத் தேயும் என்றாலும், 6 மில்லிமீற்றர் போயிருந்தால் அது வழமையல்ல. உடனே காற்றமுக்கத்தையும் அலைன்மென்டையும் பார்த்து, அதற்கான சிட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, விற்றவருக்குக் கடிதம் எழுதுங்கள்; பிரதியொன்றைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையை 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம்; அது உங்கள் உரிமை.

மூன்று மாதம் கடந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றில்லை. எழுத்தில் உள்ள உத்தரவாதத்தை விற்றவரிடமும் நிறுவனத்திடமும் நேரடியாகக் கேட்கலாம். இணங்காவிட்டால் இணக்க சபைக்குப் போகலாம்.

வைத்திருக்க வேண்டியவை இவைதான்: பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, ரயர் பூட்டிய நாளும் அன்றைய கிலோமீற்றர் வாசிப்பும், ஒவ்வொரு ரயரின் தொடரிலக்கம், மாதாந்த அளவு, அலைன்மென்ட் சிட்டைகள். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் படமெடுங்கள். 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம் தயாரானது. தேய்ந்த ரயரைத் தீர்வு வரும்வரை விற்கவோ ரீபில்டுக்குக் கொடுக்கவோ வேண்டாம்.

இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் முதலில் பைக்குள் வைத்தவர்கள் நாங்கள். ஒரு கடதாசி இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. அந்தப் பைக்குள் ரயர்ப் பற்றுச்சீட்டுக்கும் ஒரு இடம் கொடுக்கலாம்.