மோனிக்கம்மாள் கப்பலுக்குக் காத்திருந்த ஊர்
உரோமையிலிருந்து ஒரு நாள் பயணம்

உரோமைக்குத் திருயாத்திரை செல்லும் நம் மக்களின் பயணத் திட்டத்தில் 'ஓய்வு நாள்' என்று ஒரு நாள் பெரும்பாலும் விடப்பட்டிருக்கும். நான்கு பெரும் பேராலயங்களையும் தரிசித்தாயிற்று. புதன்கிழமைக் கூட்டத்தில் பாப்பரசரையும் தூரத்திலிருந்து கண்டாயிற்று. கால்கள் வலிக்கின்றன. கையிலிருந்த யூரோவும் கரைந்து வருகிறது. எஞ்சியுள்ள அந்த ஒரு நாளில் பழைய உரோமையர் வாழ்ந்த நகரம் ஒன்றை முழுமையாகப் பார்த்துவிட வேண்டுமென்று குழுவிலுள்ள இளைஞர் துடிப்பர். வயது முதிர்ந்த தாய்மாரோ, "நாங்கள் அறையிலேயே இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம், நீங்கள் போய் வாருங்கள், தம்பி" என்று சொல்லிவிடுவர். மகனும் மருமகளும் போவர். தாய் அறையில் இருப்பார்.

இப்படிப் பிரிந்து போக வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. தாயை விட்டுவிட்டுப் பார்க்கத் தகாத பழைய நகரம் ஒன்று உரோமைக்கு மிக அருகிலேயே இருக்கின்றது. அதற்குப் போய் வரும் வழியும் எளிது, செலவும் சொற்பம்.

பழைய உரோமை நகரம் என்றதும் எல்லார் நாவிலும் வருவது பொம்பேயி. கி.பி. 79-ல் வெசூவியுஸ் எரிமலை கக்கிய சாம்பலில் புதையுண்டு, 1748 முதல் தோண்டி எடுக்கப்பட்டு வரும் அந்நகரைக் காண ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் அது உரோமைக்குத் தெற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது. தெர்மினி நிலையத்தில் அதிவேக இரயில் ஏறினால் நேப்பிள்ஸ் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். அங்கே கீழ்த்தளத்திற்கு இறங்கி, வெசூவியுஸ் மலையைச் சுற்றிச் செல்லும் 'சிர்க்கும்வெசூவியானா' என்னும் சிற்றிரயிலைப் பிடித்து மேலும் அரைமணிக்கு மேல் போக வேண்டும். அதில் நெரிசலும் அதிகம், பணப்பையைக் களவாடுவோரும் உண்டு. காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. போதாக்குறைக்கு 2024 நவம்பர் முதல் நாளொன்றுக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பெயர் பொறித்த சீட்டும் வேண்டும். பொம்பேயியில் பழைய நகரோடு செபமாலை மாதா பேராலயமும் இருக்கிறது. அதை எழுப்பிய பர்த்தொலோ லோங்கோ 2025 அக்டோபர் 19-ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்டார். இவ்வளவையும் ஒரே நாளில் அவசரமாக விழுங்குவதைவிட, நேப்பிள்ஸில் ஓர் இரவு தங்க வசதியுள்ளவர் பொம்பேயிக்குப் போவதே முறை என்பது என் கருத்து. மற்றவர்க்கு அது வீண் அலைச்சலாக முடியும். தீவோலி அருகே மாமன்னன் ஹாத்ரியான் கட்டிய மாளிகையும் உண்டு. ஆனால் சுரங்க இரயிலிலும் பேருந்திலுமாக மாறி மாறிச் சென்று, அதன் பின்னரும் நடக்க வேண்டிவரும்.

நான் சொல்ல வந்த இடம் ஓஸ்தியா. ஆற்றின் வாய், அதாவது முகத்துவாரம் என்பதே அப்பெயரின் பொருள். திபேர் நதி கடலோடு கலந்த இடத்தில், உரோமையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருந்த துறைமுக நகரம் அது. எரிமலையால் ஒரே நாளில் அழிந்த ஊரன்று. வணிகம் குறைந்தது, மலேரியா பரவியது, மக்கள் மெல்ல மெல்ல விட்டகன்றனர். மணலும் வண்டலும் வந்து மூடின. 1557-ல் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஆறும் தன் போக்கை மாற்றிக்கொண்டது. கடலோ இன்று மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் விலகி நிற்கின்றது. துறைமுகம் இருக்கிறது, கடலைக் காணோம்!

இனி, போகும் வழி. சுரங்க இரயிலில் 'பி' தடம் என்பது நீல நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும். தெர்மினியிலிருந்து அதில் ஏறினால் நான்காவது நிறுத்தம் பிரமிதே. வத்திக்கான் பக்கத்தில் தங்கியிருப்போர் ஒத்தாவியானோ நிலையத்தில் 'ஏ' தடத்தில் ஏறி, தெர்மினியில் மாறிக்கொள்ளலாம். பிரமிதேயில் இறங்கி, அறிவிப்புப் பலகைகளைத் தொடர்ந்து போனால், அடுத்தாற்போலிருக்கும் சின்னப்பர் வாசல் நிலையத்தை (போர்த்தா சான் பவுலோ) அடைவோம். 1924-ல் திறக்கப்பட்ட கடற்கரை இரயில் தடம் அங்கேதான் தொடங்குகின்றது. இப்போது அதற்கு 'மெத்ரோமாரே' என்று பெயர். அரைமணி நேரத்தில் 'ஓஸ்தியா அந்தீக்கா' நிறுத்தம் வந்துவிடும். 'ஓஸ்தியா' என்ற பெயரில் வேறு நிறுத்தங்களும் உண்டு. 'அந்தீக்கா', அதாவது 'பழைய' என்னும் சொல்லைப் பார்த்து இறங்குக. தவறவிட்டால் குளிக்க வந்தோர் நிறைந்த கடற்கரையில் போய் நிற்போம்.

நகரப் பேருந்துக்கும் சுரங்க இரயிலுக்கும் வாங்கும் சாதாரணச் சீட்டே இப்பயணத்திற்கும் செல்லும். 2012-ல் ஒன்றரை யூரோவாக உயர்த்தப்பட்ட அச்சீட்டு நூறு நிமிடங்களுக்குப் பயன்படும். சுரங்க இரயிலிலிருந்து கடற்கரை இரயிலுக்கு மாறும்போது வேறு சீட்டு வேண்டியதில்லை. இரயிலை நடத்தும் பொறுப்பு 2022-ல் மாநிலப் போக்குவரத்துக் கழகத்திற்கு மாறியபோதும் இவ்வழக்கம் மாறவில்லை. நூறு நிமிடத்திற்குள் எவராலும் ஓஸ்தியாவைப் பார்த்துத் திரும்ப இயலாதாகையால் ஆளுக்கு இரண்டு சீட்டுகள் காலையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. 'டி' என்ற எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடைகளில் கிடைக்கும்.

வேறு வழிகள் இல்லையா? உண்டு. சுற்றுலா நிறுவனங்களின் பேருந்தில் போகலாம். அலைச்சல் இல்லை, ஆனால் அவர்கள் கொடுக்கும் நேரத்துக்குள் நாம் ஓடியாட வேண்டும், ஆளுக்குக் கொடுக்கும் தொகையோ இரயில் சீட்டைப் போல் பன்மடங்கு. வாடகைக் கார் நால்வருக்கு வசதி, கைக்குக் கனம். எனினும் குழுவில் படியே ஏற முடியாதவர் ஒருவர் இருப்பாராயின், எல்லாரும் சேர்ந்து செலவைப் பகிர்ந்து ஓட்டுநரோடு கூடிய சிறு வேன் அமர்த்திக்கொள்வதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஏனெனில் ஓஸ்தியா நிலையத்திலிருந்து நெடுஞ்சாலையைக் கடக்கப் படிகளோடு கூடிய நடைமேம்பாலம் ஒன்று இருக்கிறது. அதன்பின் சில நிமிட நடைதான்; ஆனால் அந்தப் படிகளை ஏறியாக வேண்டும்.

இந்த இரயிலைப் பற்றி உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். லெகாம்பியெந்தே என்னும் சுற்றுச்சூழல் அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில், இத்தாலியின் மிக மோசமான இரயில் தடங்களின் வரிசையில் இது பலமுறை இடம் பெற்றிருக்கின்றது. வண்டிகள் பழையன, இடைவெளி நீளும். கோடைகால ஞாயிறுகளில் உரோமை நகரத்தாரில் பாதிப்பேர் குடையும் பாயுமாகக் கடற்கரைக்குப் புறப்படுவதும் இதே வண்டியில்தான். ஆகவே வாரநாளில், காலை எட்டு மணியளவில், புறப்படும் நிலையமான சின்னப்பர் வாசலிலேயே ஏறுக. முதியோர்க்கு உட்கார இடம் கிடைக்கும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று பழைய நகருக்கு விடுமுறை. 'ஷோப்பெரோ' என்னும் சொல்லையும் கற்றுக்கொள்க. வேலைநிறுத்தம் என்று பொருள். முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வர். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில் வரும். அந்நாளிலும் காலை எட்டரை வரையிலும் மாலை ஐந்து முதல் எட்டு வரையிலும் வண்டி ஓடவேண்டும் என்பது ஏற்பாடு.

நுழைவாயிலைத் தாண்டியதும் கருங்கல் பாவிய நேரான பெருவீதி நம்மை உள்ளே இட்டுச் செல்லும். வண்டிச் சக்கரங்கள் ஓடித் தேய்ந்த கற்கள்; மேடு பள்ளமானவை. செருப்பு கெட்டியாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்குக் கட்டணமில்லை. மாதத்தின் முதல் ஞாயிறன்று எவர்க்குமே இல்லை. ஆனால் அன்றைக் கூட்டத்திற்கு நான் பொறுப்பல்லேன்.

பயணத்தைப் பற்றிப் பேசுவதால் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. உரோமை வாசலுக்குச் சற்று உள்ளே வண்டிக்காரர் குளியல்கூடம் என்று ஒரு கட்டடம் உண்டு. உரோமைக்கும் ஓஸ்தியாவுக்கும் இடையே இரண்டு சக்கர வண்டிகளை வாடகைக்கு ஓட்டியவர்களின் சங்கத்தோடு அது தொடர்புடையது என்பர். தரையில் கறுப்பு வெள்ளைச் சிறு கற்களால் அவர்களுடைய வண்டிகளும் கோவேறு கழுதைகளும் பதிக்கப்பட்டுள்ளன. கழுதைகளுக்குப் பெயரும் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் 'பொதக்ரோசுஸ்', அதாவது கீல்வாதக்காரன்! அன்றும் வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திராது போலும்.

பத்து நிமிட நடையில் அரைவட்ட நாடக அரங்கு. முதியோர் அதன் படிகளில் அமர்ந்திருக்க, இளையோர் பின்புறமுள்ள வணிகர் சதுக்கத்தைச் சுற்றி வரலாம். கார்த்தேஜ், அலெக்சாந்திரியா, நார்போன் என்று கடல்கடந்த பல துறைகளோடு வாணிபம் செய்தோர் தத்தம் கடைவாயிலில் பதித்த கப்பல், யானை, கலங்கரை விளக்கம் ஆகிய சித்திரங்கள் இன்றும் உள்ளன. அங்கே நின்றால், கப்பலில் இடம் பேச வந்த பயணிகளின் கூட்டம் கண்முன் வந்து நிற்கும்.

கி.பி. 387-ல் அப்படியொரு குடும்பம் இவ்வூருக்கு வந்தது. தாய் மோனிக்கம்மாள், அவ்வாண்டு பாஸ்கா திருவிழாவில் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றிருந்த மகன் அகுஸ்தினார், இன்னொரு மகன் நவீஜியுஸ், பேரன் அதெயோதாத்துஸ், நண்பர் சிலர். ஆப்பிரிக்காவிலுள்ள தகாஸ்தேயில் இருந்த சொந்த வீட்டிற்குத் திரும்ப அவர்கள் கப்பலுக்காகக் காத்திருந்தனர். மாக்சிமுஸ் தொடுத்த போரினால் கடல்வழி அடைபட்டிருந்ததே அவர்களது பயணம் தடைப்பட்டதற்குக் காரணமென வரலாற்றறிஞர் கருதுவர். அக்காத்திருப்பில்தான், தோட்டத்தை நோக்கிய பலகணி ஒன்றின் அருகே சாய்ந்து நின்று, தாயும் மகனும் நித்திய வாழ்வைப் பற்றி உரையாடினர். சில நாட்களில் தாயைக் காய்ச்சல் பற்றியது. ஒன்பதாம் நாள் ஐம்பத்தாறாம் வயதில் உயிர் நீத்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தமக்கும் இடம் ஏற்பாடு செய்து வைத்திருந்தவர் அவர். சொந்த மண்ணில் இறந்தால் நன்றாயிருக்குமே என்று நவீஜியுஸ் சொன்னபோது, தம் உடலை எங்கே புதைத்தாலும் சரி, பீடத்தில் தம்மை நினைத்துக்கொண்டால் போதும் என்றார். இவை யாவற்றையும் மகனே தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதி வைத்துள்ளார். அந்த வீடு எது என்று இன்று எவரும் அறியார். எந்தச் செங்கற்சுவரின் அருகில் நின்றும் அதை நினைத்துக்கொள்ளலாம்.

பழைய நகரை விட்டு வெளியே வந்தால், அருகிலேயே கோட்டையை ஒட்டிச் சிற்றூர் ஒன்று உண்டு. அங்குள்ள புனித அவுரேயா ஆலயத்திற்குத் தவறாமல் போக வேண்டும். 1945-ல் அதன் பக்கத்து முற்றத்தில் சிறுவர்கள் விளையாட்டுக்காகக் கம்பம் நடக் குழி தோண்டியபோது, எழுத்துப் பொறித்த சலவைக்கல் துண்டு ஒன்று கிடைத்தது. மோனிக்கம்மாளின் கல்லறைக் கவிதையின் ஒரு பகுதி அது. அக்கவிதை ஏட்டுப் பிரதிகளில் முன்பே இருந்தது. கல்லைத்தான் அதுவரை யாரும் கண்டதில்லை. இப்போது அதை ஆலயத்தினுள்ளேயே வைத்திருக்கிறார்கள்.

திரும்பும் வழியில் 'பசிலிக்கா சான் பவுலோ' நிறுத்தத்தில் இறங்கினால் புனித சின்னப்பர் பேராலயம் நடக்கும் தூரந்தான். முன்பே பார்த்தவர்கள் நேரே நகருக்குள் வந்துவிடலாம். ஏனெனில் மோனிக்கம்மாளின் உடல் ஓஸ்தியாவில் இல்லை. 1430-ல் உரோமைக்குக் கொண்டுவரப்பட்டு, நவோனா சதுக்கத்திற்கு அருகிலுள்ள அகுஸ்தினார் ஆலயத்தில், தலைமைப் பீடத்திற்கு இடப்புறச் சிற்றாலயத்தில் இருக்கின்றது. உரோமை ஆலயங்களுள் பல நண்பகலில் மூடி மாலை நான்கு மணியளவில் திறப்பன. ஓஸ்தியாவிலிருந்து இரண்டரை மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும். ஆலயத்தின் முன் படிகள் சற்று அதிகம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறலாம்.