உப்பு போட்டால் சோடா ஏன் பொங்குகிறது?

தாம்பரம் ரயில் நிலையத்தை விட்டு வெயிலில் வெளியே வந்தால் வாய் தானாக லெமன் சால்ட் சோடா கேட்கும். கடைக்காரர் உப்பைப் போட்டதும் நுரை குபுகுபுவென்று டம்ளர் விளிம்பைத் தாண்டும். உப்புக்கும் சோடாவுக்கும் ஏதோ ரசாயன வினை என்று பலர் நினைக்கிறார்கள். அதெல்லாம் இல்லை, மணலைப் போட்டாலும் பொங்கும். குடிக்கத்தான் ஆள் இருக்காது.

சோடா என்பது கார்பன் டை ஆக்சைடை அழுத்தித் திணித்த தண்ணீர். ஹிராம் காட் 1872இல் காப்புரிமை பெற்ற கோலி பாட்டிலில், அந்த வாயுவே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி வாயை அடைக்கும். கோலியைத் தட்டினால் அழுத்தம் இறங்கிவிடும். வாயு வெளியேறப் பார்க்கும். ஆனால் நடுத்தண்ணீரில் குமிழி பிறப்பது லேசல்ல. மிகச் சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை நசுக்கிவிடும். காற்று பதுங்கியிருக்கும் கீறலோ தூசியோ வேண்டும். உப்புப் பரலின் சொரசொரப்பில் அப்படிப்பட்ட இடுக்குகள் ஏராளம்.

குளிர்ச்சியும் முக்கியம். சாதாரணக் காற்றழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் சுமார் 3.3 கிராம் வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 டிகிரியில் 1.7 கிராம்தான். அதனால்தான் சூடான சோடா சட்டென்று சப்பென்றாகிறது.

பீரிலும் இதே வாயுதான். ஆனால் அதன் நுரை நின்று பேசும்: பார்லியின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் குமிழிச் சுவரைத் தாங்குகின்றன. பஜ்ஜி எண்ணெய் பட்ட உதடு கிளாஸில் பட்டால் அந்த நுரையும் அடங்கிவிடும்.