ஆபீஸ் நேரத்துல இன்ட்ராடே: பணத்துக்கு முன்னாடி தீர்ந்து போறது உங்க கவனம்

காலை 9:15-க்கு மார்க்கெட் திறக்குது. 9:30-க்கு உங்க டீம் கால். காதுல மேனேஜர் குரல், மேசைக்குக் கீழ போன்ல அஞ்சு நிமிஷ கேண்டில் சார்ட். ரெண்டையும் சமாளிச்சிடலாம்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க.

சோஃபி லெராய் என்கிற ஆய்வாளர் 2009-ல் எழுதின கட்டுரையில இதுக்கு ஒரு பேர் இருக்கு. தமிழ்ல சொன்னா 'கவன மிச்சம்'. ஒரு வேலையை முடிக்காம அடுத்ததுக்குத் தாவினா, மனசோட ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிடும். ஓப்பன் பொசிஷனும் முடியாத வேலைதானே? அது ஓடுற வரைக்கும் நீங்க எழுதுற மெயிலும் அரைகுறை, பார்க்கிற சார்ட்டும் அரைகுறை.

வருமான வரி ரிட்டர்ன் வேலைக்காக டிரேட் புக்கைத் திறக்கும்போது இந்தச் சோர்வு எனக்கு நேரமும் எண்ணிக்கையுமா தெரியும். காலையில நிதானமா ரெண்டு ஆர்டர். ஒரு ஸ்டாப்லாஸ் அடிச்சதும், அடுத்த நிமிஷமே அதே ஷேர்ல மறுபடி என்ட்ரி, குவான்டிட்டி டபுள். மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஆர்டர்கள் நெருக்கமாகும். 3 மணிக்கு மேல, புரோக்கர் தானா ஸ்கொயர் ஆஃப் பண்ணிடுவாரேங்கிற பதற்றத்துல கிடைச்ச விலைக்கு வெளியேறி இருப்பாங்க. காலையில இருந்த அதே ஆள்தான், ஆனா மூளை களைச்சுப் போச்சு.

இந்தக் களைப்புக்கு ஒரு விலை இருக்கு. 1 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஷேரை வாங்கி அன்னைக்கே விக்கிறீங்கன்னு வைங்க. ஆர்டருக்கு 20 ரூபாய் புரோக்கரேஜ்னா 40 ரூபாய். விற்பனை மேல 0.025% எஸ்டிடி, அது 25 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி, ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் சேர்த்தா மொத்தம் 80 ரூபாய் பக்கம் வரும். ஒரு நாளைக்கு ரெண்டு டிரேட்னா மாசம் 20 நாளைக்கு 3,200. பத்து டிரேட்னா 16,000. லாபமோ நஷ்டமோ, இது போயே தீரும்.

செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு, 2022-23 நிதியாண்டில் கேஷ் மார்க்கெட்டில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-ல் 7 பேர் நஷ்டம் என்கிறது. 30 வயசுக்குக் கீழ இருக்கறவங்கள்ல அது 76%. வருஷத்துக்கு 500 டிரேடுக்கு மேல போட்டவங்கள்ல 80%. டிரேட் அதிகமானதால நஷ்டமா, நஷ்டத்தைத் துரத்தி டிரேட் அதிகமாச்சான்னு அந்த எண்ணை வெச்சு மட்டும் சொல்ல முடியாது. நான் பார்த்த கணக்குகள்ல ரெண்டாவதுதான் அதிகம்.

"நஷ்டத்தை சம்பளத்துல கழிச்சுக்கலாம்ல சார்?" இந்தக் கேள்வி வருஷா வருஷம் வரும். முடியாது. இன்ட்ராடே நஷ்டம் ஸ்பெகுலேஷன் பிசினஸ் நஷ்டம். ஸ்பெகுலேஷன் லாபத்தோட மட்டும்தான் கழியும். கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டா நாலு வருஷம் கேரி ஃபார்வர்ட் பண்ணலாம், அவ்வளவுதான். ஐடிஆர்-1 போதாது, ஐடிஆர்-3 போடணும். டாக்ஸ்ல அட்ஜஸ்ட் ஆயிடும்ங்கிற தைரியத்துல மதியத்துக்கு மேல இன்னொரு டிரேட் போடாதீங்க.

சரி, என்ன பண்ணலாம்? காபியும் தியானமும் நல்லதுதான், ஆனா நான் அதை நம்ப மாட்டேன். களைச்ச மூளைக்கு 'போதும்'னு முடிவெடுக்கத் தெரியாது. அந்த முடிவை முந்தின நாள் ராத்திரியே எடுத்துடுங்க. எந்த ஷேர், எந்த விலை, அதிகபட்சம் ரெண்டு டிரேட், நாளைக்கு இவ்வளவு ரூபாய் போனா கடை மூடல். என்ட்ரி போட்ட உடனே ஸ்டாப்லாஸ் ஆர்டரையும் சிஸ்டத்துல போட்டுடணும். 'மனசுல வெச்சிருக்கேன்'ங்கிற ஸ்டாப்லாஸ் மீட்டிங் நடுவுல மறந்து போகும். லிமிட் தாண்டினா நிறைய புரோக்கர் ஆப்கள்ல இருக்கிற கில் ஸ்விட்ச்சைப் போடுங்க. சில மணி நேரத்துக்கு உங்களாலேயே டிரேட் பண்ண முடியாது.

அமெரிக்க ஷிஃப்ட் முடிச்சு விடியற்காலை வீட்டுக்கு வர்றவங்க, அன்னைக்கு 9:15-க்கு ஆப்பையே திறக்காதீங்க. தூங்குங்க. தொடர்ந்து ஒரு மணி நேரம் உங்களுக்குன்னு கிடைக்காத வேலைன்னா, இன்ட்ராடே உங்களுக்கானது இல்லைன்னு நேராவே சொல்வேன். டெலிவரியில ஜிடிடி ஆர்டரை ராத்திரி போட்டு வெச்சுட்டு ஆபீஸ் வேலையைப் பாருங்க.

ஏற்கனவே டிரேட் பண்றவங்க கடைசி மூணு மாச டிரேட் புக்கை டவுன்லோட் பண்ணி, நேர வரிசையில பிரிச்சுப் பாருங்க. மதியம் 12-க்கு முன்னாடி எவ்வளவு, அப்புறம் எவ்வளவு. அன்னைக்கு ரெண்டாவது நஷ்டத்துக்குப் பிறகு போட்ட டிரேட் எல்லாம் சேர்த்து எவ்வளவு. எக்செல்ல 20 நிமிஷ வேலை. எப்படிப் பிரிக்கிறதுன்னு அடுத்த வீடியோல ஷீட்டோட காட்டுறேன்.