'நாய்தானே!' என்று சொல்லாதீர்கள்...

வீட்டில் ஒரு பெரியவர் தவறிப்போனால் என்ன செய்ய வேண்டும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெருவே வந்து நிற்கும். அடுத்த வீட்டிலிருந்து காபி வரும். ஆபீசில் லீவு கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று ஒவ்வொன்றாக நடக்கும். அழ ஒரு நேரம், அழுகையைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு நேரம் என்று ஊர் கூடி வகுத்து வைத்திருக்கிறது.

சரி, பன்னிரண்டு வருஷம் கூடவே வளர்ந்த மணி செத்துப்போனால்?

காலையில் புதைத்துவிட்டு, பத்து மணிக்கு ஆபீசில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண் சிவந்திருந்தால், "ராத்திரி தூக்கமில்லையா சார்?" என்பார்கள். விஷயத்தைச் சொன்னாலோ, "அட, நாய்தானே! வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு மாமியோ, "இதுக்குப் போயா ரெண்டு நாளா சாப்பிடாம கிடக்கறே?" என்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த 'நாய்தானே' என்ற ஒரு சொல், அழுபவரை வாய்மூட வைத்துவிடுகிறது. பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அழ வேண்டியிருக்கிறது!

இப்படி, ஊர் அனுமதி தராத துக்கத்துக்கு மனநல நூல்களில் தனி இடமே உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கென்னத் டோக்கா 1989-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: வெளியே காட்ட முடியாத, யாரும் வந்து விசாரிக்காத துக்கம் ஆறுவது கஷ்டம்.

ஏன் இவ்வளவு வலிக்கிறது?

"சொந்தக்காரர் இறந்தபோது கூட இவ்வளவு அழலையே..." என்று சிலருக்குத் தங்கள் மேலேயே சந்தேகம் வரும். சந்தேகமே வேண்டாம். அந்தச் சொந்தக்காரரை நீங்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை பார்த்திருப்பீர்கள். மணியை ஒரு நாளைக்கு இருபது தடவை!

காலையில் கதவைத் திறந்தால் வாலாட்டல். சாப்பிட உட்கார்ந்தால் காலடியில் ஒரு ஜோடிக் கண்கள். கடைசி தயிர்சாத உருண்டை அதற்குத்தான். சாயங்காலம் கேட் சத்தம் கேட்டதும் முதலில் ஓடி வருவது அதுதான். உங்கள் ஒரு நாளின் ஒவ்வொரு மணி நேரத்திலும் அது ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் அது போனதும் ஒரே நாளில் இருபது இடத்தில் ஓட்டை விழுகிறது. அரை லிட்டர் பால் மிச்சமாகும்போது கூட நெஞ்சை அடைக்கிறது.

உடம்புக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது. தாய் தன் குழந்தையைப் பார்க்கும்போது ஆக்ஸிடாசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. பாசத்தை இறுக்கிக் கட்டும் ஹார்மோன் இது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் கண்ணோடு கண் பார்த்துக்கொள்ளும்போது இரண்டு பேருக்குமே இதே ஹார்மோன் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். "என் பிள்ளை மாதிரி வளர்த்தேன்" என்று சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை என்று புரிகிறதா?

ஆகவே தூக்கம் கெடுவது, பசி எடுக்காதது, எரிச்சல் வருவது, சங்கிலிச் சத்தம் கேட்ட மாதிரி திரும்பிப் பார்ப்பது... இதெல்லாம் துக்கத்தின் சகஜமான அடையாளங்கள். 'எனக்கு ஏதோ ஆகிவிட்டது' என்று பயப்படத் தேவையில்லை.

"நான்தான் கொன்னுட்டேனோ?"

நாய் போன வீடுகளில் அழுகையை விட அதிகமாக அரிப்பது இந்தக் கேள்விதான். 'ஒரு வாரம் முன்னாடியே டாக்டரிடம் போயிருந்தால்?'

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நாய் தன் நோயை முடிந்தவரை வெளிக்காட்டாது. வயதான நாய்களுக்கு அடிக்கடி வரும் சிறுநீரகக் கோளாறையே எடுத்துக்கொள்வோம். சிறுநீரகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் நிறையத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் போவது போன்ற முதல் அறிகுறிகளே தெரியும். அது வரை மணி வழக்கம்போல வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். நீங்கள் கவனிக்காமல் விட்டதாக நினைப்பது, பெரும்பாலும் யார் கண்ணுக்கும் தெரியாமல் இருந்ததுதான்.

இன்னும் சிலருக்கு வேறு பாரம். "இனி தேறாது, ஊசி போட்டுடலாமா?" என்று கால்நடை டாக்டர் கேட்டிருப்பார். இவர்கள் தலையாட்டியிருப்பார்கள். அந்தத் தலையாட்டல் ராத்திரியெல்லாம் உறுத்தும். அந்த ஊசி அளவுக்கு மிஞ்சிய மயக்க மருந்துதான். முதலில் நினைவு போகிறது. அதற்குப் பிறகுதான் மூச்சும் இதயமும் நிற்கின்றன. ஊசி குத்துவதைத் தவிர அதற்கு வேறு வலி தெரிவதில்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? ஊசி போடச் சொன்னவர், 'அவசரப்பட்டுட்டேனோ' என்கிறார். போட வேண்டாம் என்றவர், 'கஷ்டப்பட விட்டுட்டேனோ' என்கிறார். எந்த முடிவு எடுத்தாலும் குற்ற உணர்வு வருகிறது என்றால், தப்பு முடிவில் இல்லை. பாசம் அதிகம், அவ்வளவுதான்!

குழந்தைகளிடம் என்ன சொல்வது?

"மணி ஊருக்குப் போயிருக்கு", "தூங்கிட்டிருக்கு"... இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம். ஊருக்குப் போயிருக்கிறது என்றால் குழந்தை தினமும் வாசலில் காத்திருக்கும். தூங்குகிறது என்றால் அது தானே தூங்கப் பயப்படும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, செத்தது திரும்பி வராது என்பது சட்டென்று பிடிபடாது. அதனால் ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்கும். பத்து தடவையும் பொறுமையாக, "மணிக்கு உடம்பு ரொம்ப முடியாம போயி செத்துப்போச்சும்மா. இனிமே வராது. எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லுங்கள். 'நான் வாலை இழுத்ததால செத்துச்சா?' என்ற பயம் சில குழந்தைகளுக்குள் இருக்கும். கேட்காவிட்டாலும் நீங்களே, "உன்னால இல்லைடா கண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இன்னொரு நாய் இருக்கிறதா? அதுவும் சரியாகச் சாப்பிடாமல், மூலை முடுக்கெல்லாம் தேடும். அதன் சாப்பாட்டு நேரத்தையும் நடைப் பயிற்சியையும் மாற்றாமல் வைத்திருங்கள்.

வயதானவர்களை விட்டுவிடாதீர்கள்!

பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் தாத்தாவும் மணியும் மட்டும். தாத்தா காலையில் நடந்ததே மணிக்காகத்தான். தெருவில் நாலு பேர் நின்று பேசியதும் அதை வைத்துத்தான். மணி போனதும் நடை நின்றுபோகிறது, பேச்சு நின்றுபோகிறது. கொஞ்ச நாளில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எகிறும். இவர்களுக்கு முதல் மருந்து அதே நேரத்தில், அதே தெருவில் நடை. முதல் வாரம் யாராவது கூடப் போனால் நல்லது.

இன்னொன்றும் உண்டு. தாங்க முடியாத துக்கத்தில் இதயத்தின் கீழறை சட்டென்று பலவீனமாகி பலூன் போல உப்பிவிடும் ஒரு நிலை இருக்கிறது. 1990-ல் ஜப்பானிய டாக்டர்கள் இதற்கு 'டகோட்சுபோ' என்று பெயர் வைத்தார்கள். ஆக்டோபஸ் பிடிக்கும் பானை என்று அர்த்தம். உப்பிய இதயம் அந்த வடிவத்தில் தெரிகிறதாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத்தான் இது அதிகம். நாயை இழந்த பிறகு இந்த நிலைக்கு ஆளான அறுபது வயதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி ஒருவரைப் பற்றி 2017-ல் ஒரு பிரபல மருத்துவ இதழே எழுதியது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் அறிகுறிகள் அச்சு அசலாக மாரடைப்பு மாதிரியே இருக்கும். எனவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால், 'அழுததால வந்தது' என்று சுக்குக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

நாமே ஒரு முறை வைத்துக்கொள்ளலாமே!

மனிதர் இறந்தால் இருக்கும் சடங்குகள் மனதைச் சிறிது சிறிதாகப் பழக்குகின்றன. நாய்க்கும் வீட்டளவில் ஏதாவது செய்யலாம். புதைத்த இடத்தில் ஒரு செம்பருத்திச் செடி வையுங்கள். ஒரு நாள் சாயங்காலம் குடும்பமாக உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பாருங்கள். மணி செருப்பைக் கடித்த கதையைச் சொல்லிச் சிரியுங்கள். தட்டையும் கழுத்துப்பட்டையையும் அன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் மனசு வந்த பிறகு எடுத்து வைக்கலாம்.

இதெல்லாம் வெளிநாட்டு மோகம் என்று யாராவது சொன்னால் எடுத்தனூரைக் காட்டுங்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற இந்த ஊரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. தொறுப்பூசலில் உயிர்விட்ட வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அந்த நாயின் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே 'நாய்தானே' என்று நினைக்காதவர்கள் இந்த மண்ணில் இருந்திருக்கிறார்கள்!

உடனே இன்னொரு குட்டியா?

அவசரம் வேண்டாம். குட்டியைப் பார்க்கும்போதெல்லாம், 'மணி இப்படிச் செய்யாதே' என்று தோன்றினால் அது அந்தக் குட்டிக்குச் செய்யும் அநியாயம். மணியின் இடத்துக்கு என்று இல்லாமல், புது ஜீவனாகவே அதை வரவேற்கத் தோன்றுகிற நாள் வரட்டும். சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு இரண்டு வருஷம். சிலருக்கு வராமலே போகலாம். அதுவும் தப்பில்லை.

இதையும் கவனியுங்கள்

* இறப்பதற்கு முன் நாயின் நடத்தை திடீரென மாறியதா? விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகியதா? கண்டவரைக் கடித்ததா? வெறிநோயாக இருக்கலாம். கடிபட்டவர்கள், கீறல் பட்டவர்கள், காயத்தில் அதன் எச்சில் பட்டவர்கள் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். துக்கத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

* பார்வோ வைரஸால் குட்டி இறந்திருந்தால், அந்தக் கிருமி வீட்டிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முழுவதும் போடாத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள்.

* புதைப்பதாக இருந்தால் கிணறு, போர் குழாயிலிருந்து தள்ளி, குறைந்தது மூன்று அடி ஆழத்தில் புதையுங்கள்.

* வாரங்கள் கடந்தும் வேலை ஓடவில்லை, தூக்கமே இல்லை, 'நானும் போயிடலாம்' என்று தோன்றுகிறது என்றால் தயங்காமல் மனநல டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். 'நாய்க்காகவா?' என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

துக்கம் விசாரிக்கப் போகிறீர்களா?

தெரிந்தவர் வீட்டில் நாய் இறந்துவிட்டது என்று கேள்விப்பட்டால் ஒரு நடை போய் வாருங்கள். 'வேற வாங்கிக்கலாம்', 'வயசாயிடுச்சே', 'தொந்தரவு விட்டுதுன்னு நினைச்சுக்குங்க'... இந்த மூன்றையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். அதன் பெயரைச் சொல்லி, "மணி உங்க வீட்டுக்கு வந்தப்ப எவ்வளவு சின்னதா இருந்துச்சு?" என்று கேட்டாலே போதும். மீதியை அவர்களே பேசுவார்கள். நீங்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருங்கள்.