எலும்பில் ஒரு சிட்டிகை ஸ்ட்ரான்சியம்

குமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களின் ஆழ்கடல் படகுகள் வந்து அணைகிற துறைமுகம் தோப்பும்படி. அங்கே இறங்கும் சூரையின் நடுமுள்ளைக் கழுவி, சுமார் 800 டிகிரி செல்சியஸில் சுட்டால் சதையும் புரதமும் எரிந்து வெள்ளைப் பொடி மிஞ்சும். அது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். நம் எலும்பின் எடையிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்த இனத்துக் கனிமம்தான்.

ஆய்வகத்தில் தயாராகும் அதன் சுத்தமான வடிவமான ஹைட்ராக்ஸிஅபடைட்டில் 10 கால்சியம், 6 பாஸ்பேட், 2 ஹைட்ராக்சில் என்று கணக்கு பிசகாது. உயிருள்ள எலும்பில் அது பிசகியே இருக்கும். கார்பனேட், மக்னீசியம், சோடியம், துத்தநாகம் எல்லாம் உள்ளே புகுந்திருக்கும். கடல்மீன் என்றால் ஸ்ட்ரான்சியமும் சேரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 8 மில்லிகிராம் அது உண்டு. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இந்தப் பிசகு உதவுகிறது. படிக ஒழுங்கு சற்றுக் குலைந்த கனிமத்தை எலும்பு அரிக்கும் செல்கள் எளிதில் கரைக்கின்றன. கரைந்த இடத்தில் கட்டும் செல்கள் புது எலும்பை வைக்கின்றன. ஹைட்ராக்ஸிஅபடைட்டை நன்றாகச் சுட்டு ஆக்கிய சுத்தமான பீங்கானை எலும்பு முறிவில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கரையாமல் கிடக்கும்.

ஆகவே ஆய்வாளர்கள் அந்தப் பீங்கானில் வேண்டுமென்றே கலப்படம் செய்கிறார்கள். கால்சியம் அயனியின் ஆரம் 1.00 ஆங்ஸ்ட்ராம், ஸ்ட்ரான்சியத்தின் ஆரம் 1.18. ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு! கால்சியத்தின் இடத்தில் ஸ்ட்ரான்சியம் அமர்ந்தால், அந்தச் சிறு வித்தியாசத்துக்கே படிகம் விரிகிறது, கரைவது எளிதாகிறது. வெளியேறும் ஸ்ட்ரான்சியம் கட்டும் செல்களைத் தூண்டி, அரிக்கும் செல்களை அடக்குகிறது. பாஸ்பேட்டின் இடத்தில் சிலிக்கேட் அமர்ந்தால் மின்சுமை ஈடாக ஒரு ஹைட்ராக்சில் விலகுகிறது. இளம் எலும்பு வளரும் விளிம்பில் சிலிக்கான் குவிந்திருப்பதை ஆய்வாளர் எடித் கார்லைல் 1970இல் காட்டினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் சிலிக்கேட் சேர்ந்த ஹைட்ராக்ஸிஅபடைட் பீங்கான்களை உருவாக்கிச் சோதித்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஊரில் நடந்த இந்த வேலை தமிழில் அதிகம் பேசப்படாதது எனக்கு வருத்தம்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதைத் தர்மபுரி மக்கள் உடம்பால் அறிவார்கள். நிலத்தடி நீரின் ஃபுளோரைடு, எலும்பில் ஹைட்ராக்சிலின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். துளி அளவில் அது பல்லுக்குப் பலம். ஆண்டுக்கணக்கில் மிகுந்தால் எலும்பு தடித்து, மூட்டு இறுகி, முதுகு வளையும். அந்த நீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது.

ஸ்ட்ரான்சியமும் தப்பவில்லை. எலும்புத் தேய்வுக்கு ஐரோப்பாவில் 2004இல் அனுமதி பெற்ற ஸ்ட்ரான்சியம் ரானலேட் மருந்துக்கு, மாரடைப்பு அபாயம் தெரிந்ததும் 2014இல் கடும் கட்டுப்பாடு வந்தது. வாய்வழி மருந்து ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கச் சுற்றும். பீங்கானில் பொதிந்த ஸ்ட்ரான்சியமோ முறிவு இருக்கும் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், ரத்தத்தில் சேர்வதும் மிகக் குறைவு. அது கசியும் வேகத்தை எலும்பு வளரும் வேகத்தோடு எப்படிப் பொருத்துவது என்பதில்தான் ஆய்வாளர்களின் இப்போதைய உழைப்பெல்லாம் போகிறது.