முன்பணமும் பண்ணைக் கூலியும்

சேலம், நாமக்கல் சமவெளிகளில் ஆள் வைத்துத் தொழில் நடத்தும் குடியானவர் எவரும் முன்பணம் என்னும் சொல்லை அறியாதவரல்லர். கோழிப்பண்ணைக்குக் குடும்பத்தோடு ஆள் அமர்த்துவோரும், மரவள்ளிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆலைக்காரரும், கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவோரும், செங்கற்சூளை நடத்துவோரும் வேலை தொடங்குமுன் ஒரு தொகையைக் கையிற் கொடுத்தே பெரும்பாலும் ஆளைப் பெறுகின்றனர். குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக்காரர் இதனையே பாக்கி என்று வழங்குவர். இவ்வழக்கத்தைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது, அச்சட்டத்திற்கு உட்பட்டுப் பண்ணையைச் செவ்வையாக நடத்துவது எங்ஙனம் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாகக் கூறிவிடுதல் நலம். முன்பணம் கொடுத்தல் குற்றமன்று. கொடுத்த பணத்தைக் காரணமாகக் காட்டி ஆளை வெளியே போகவிடாமல் நிறுத்துதலும், அதனைச் சொல்லிக் கூலியைக் குறைத்தலுமே குற்றங்களாம். இவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. நல்லெண்ணமுடைய பண்ணையாளர் பலர், கணக்கு எழுதாமையால் அவ்விடைவெளியைத் தம்மை அறியாமலே கடந்துவிடுகின்றனர்.

பழைய வழக்கமும் மாறிய சட்டமும்

முன்பணத்தால் ஆளைப் பிணிக்கும் முறை நம் ஜில்லாவிற்குப் புதிதன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலும் அதற்கு முன்னும், சேலம், திருச்சிராப்பள்ளி ஜில்லாக்களிலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். கங்காணி கொடுத்த முன்பணம் அவர்கள் தலையிற் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்பினால், இவ்வளவு கடனைத் தீர்த்தால் இவ்வாளை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டு வேண்டும். அச்சீட்டிற்குத் துண்டு என்று பெயர். ஆள் தோட்டம் மாறினும் கடன் கூடவே மாறிற்று. அத்துண்டு முறை 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இந்தியாவிலும் 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் என்று ஒன்று இருந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாத தொழிலாளியை மாஜிஸ்ட்ரேட்டு முன் நிறுத்தித் தண்டிக்க அச்சட்டம் முதலாளிக்கு வழிவகுத்தது. அது 1925இல் இயற்றிய சட்டத்தால் நீக்கப்பட்டது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு, கட்டாய வேலையை அடியோடு விலக்கிற்று. பின்னர் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. முற்காலத்தில் முன்பணம் வாங்கி வேலையைவிட்டுப் போனவன் குற்றவாளி. இக்காலத்திலோ முன்பணம் கொடுத்துப் போகவிடாது தடுத்தவனே குற்றவாளி. சட்டம் இவ்வாறு முற்றும் திரும்பிவிட்டதைப் பண்ணையாளர் பலர் இன்னும் மனத்திற் கொள்ளவில்லை.

எது கொத்தடிமை?

கொத்தடிமை என்றவுடன் விலங்கும் பூட்டும் நம் நினைவிற்கு வருகின்றன. சட்டமோ அவற்றைத் தேடுவதில்லை. ஒருவர் தாமோ, தம் பெற்றோரோ பெற்ற கடனுக்காக வேலை செய்கிறார் என்று கொள்வோம். அதன் காரணமாக அவர் கூலியின்றியோ பெயரளவான கூலிக்கோ உழைக்க நேர்ந்தாலும், வேறு வேலை தேடும் உரிமையை இழந்தாலும், விரும்பியவாறு போய்வர இயலாதிருந்தாலும், அது கொத்தடிமையேயாம். ஸர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறைந்தது பெயரளவான கூலியாகக் கருதப்படும்.

குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகப் பெற்று உழைப்பதும் கட்டாய வேலையே என்று சுப்ரீம் கோர்ட்டு 1982ஆம் ஆண்டில், டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலைகளைப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டாய வேலை மெய்ப்பிக்கப்பட்டால், அது முன்பணத்திற்காகவே செய்விக்கப்பட்டது என்று கோர்ட்டு அனுமானிக்கும் என்பது 1983ஆம் ஆண்டின் மற்றொரு தீர்ப்பு. இச்சட்டப்படி கொத்தடிமைக் கடன் முழுதும் தீர்ந்ததாகும்; அதனை வசூலிக்க எந்தக் கோர்ட்டிலும் வழக்கிட இயலாது. அது அத்தகைய கடனன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவரையே சாரும். தண்டனை மூன்றாண்டு வரையில் சிறையும், இரண்டாயிரம் ரூபாய் வரையில் அபராதமும் ஆம். இதனை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் ஜில்லா கலெக்டரிடம் உள்ளது.

கூலிச் சட்டத்தின் புதிய நிலை

தொழிலாளர் சட்டங்கள் 29ஐத் தொகுத்து மத்திய ஸர்க்கார் இயற்றிய நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025ஆம் ஆண்டு நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் இத்தொகுப்பிற் சேராது தனித்தே நிற்கின்றன. பண்ணையாளர் அறியவேண்டிய சில மாறுதல்கள் பின்வருமாறு:

1. முன்னர் அட்டவணையிற் கண்ட தொழில்களுக்கு மட்டுமே குறைந்தபட்சக் கூலி உண்டு. இப்போது எல்லாத் தொழில்களுக்கும் உண்டு.

2. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுத்தல் வேண்டும். வேலையை விட்டு நீங்குவோர்க்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்த்தல் வேண்டும்.

3. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து சம்பளத்திற் பாதிக்கு மேற்படலாகாது.

4. வேலைக்குச் சேருமுன் கொடுத்த முன்பணத்தை முதல் முழுச் சம்பளத்திலிருந்து பிடித்தல் வேண்டும். வழிச்செலவுக்குக் கொடுத்ததைப் பிடித்தலே கூடாது.

5. கூலி கொடுக்கவில்லை என்று முறையீடு வந்தால், கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் கடமை பண்ணையாளரைச் சார்ந்தது.

விவசாய வேலைக்கு ஐவருக்கு மேற்படாமல் ஆள் வைத்திருப்போர்க்குப் பதிவேடு எழுதுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் அதிகாரி கேட்டால் கூலி கொடுத்ததற்கு ஏற்கத்தக்க ஆதாரம் அவர்களும் காட்டியாக வேண்டும். ஆதலின், சிறு குடியானவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுதல் உத்தமம்.

ஒரு கணக்கு

நான்காவது விதியை ஊன்றி நோக்கினால், சட்டம் விரும்பும் முன்பணத்தின் அளவு தானே விளங்கும். முதல் மாதத்திலேயே பிடித்துத் தீர்க்கவேண்டும். பிடித்தமோ பாதிக்கு மேற்படலாகாது. ஆகவே, முன்பணம் அரை மாதச் சம்பளத்திற்குள் அடங்கியிருத்தலே முறை.

கோழிப்பண்ணைக்கு ஒரு கணவனும் மனைவியும் வருவதாகக் கொள்வோம். எண்கள் கணக்கு விளங்கும் பொருட்டே கூறப்படுகின்றன. இருவருள் ஒருவர் மாதச் சம்பளம் 16,000 ரூபாய், அவருக்குக் கொடுத்த முன்பணம் 7,000, வழிச்செலவு 2,000. முதல் மாத முடிவில் முன்பணம் 7,000ஐக் கழித்து 9,000 கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. வழிச்செலவு பண்ணையைச் சார்ந்தது. இரண்டாம் மாதம் முதல் எவரும் எவருக்கும் கடன்காரரல்லர்.

இனி வழக்கமான முறையைப் பார்ப்போம். முன்பணம் 60,000, மாதப் பிடித்தம் 2,000. ஆண்டிற்கு 24,000 கழியும். பண்டிகை, காய்ச்சல், ஊரிலே கல்யாணம் என்று ஆண்டுதோறும் 10,000 ரூபாய் மேலும் வாங்குவாராயின், ஓராண்டிற்குக் குறைவது 14,000 மட்டுமே. நான்காண்டு கழித்தும் 4,000 ரூபாய் நிலுவை நிற்கும். முட்டைக்கோழியைச் சுமார் 80 வாரம் வைத்துக் கழிப்பதாகக் கொண்டால், இரண்டு தொகுதிக் கோழிகள் விலையாகி மூன்றாந் தொகுதி கூண்டில் நிற்கும்போதும் அக்குடும்பம் கடனிலேயே நிற்கும். அந்நான்காண்டில் ஒரு நாள், "நாங்கள் போகிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது பண்ணையாளர் வாயிலிருந்து வரும் சொல் யாதோ, அதுவே அவரைக் குற்றவாளியாக்குவது அல்லது காப்பது.

ஓடிவிட்டால் என் செய்வது?

பண்ணையாளர் யாவரும் கேட்கும் கேள்வி இது. ஏஜண்டு வாயிலாகப் பெருந்தொகை கொடுத்து வரவழைத்த குடும்பம் பத்தாம் நாள் இரவோடிரவாகப் போய்விட்டால் நட்டம் யாரைச் சேரும்? இந்நட்டம் மெய்யானதே. கோழிக்குத் தீனி வைக்கவும் முட்டை பொறுக்கவும் மறுநாட் காலையில் ஆள் வேண்டும் என்பதும் மெய்யே. ஆயினும், ஆதார் அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்தலும், கைபேசியைப் பறித்தலும், பிள்ளையை நிறுத்திக்கொண்டு பெற்றோரை ஊருக்கு அனுப்புதலும் இதற்குப் பரிகாரமாகா. வெளியேறும் உரிமையைத் தடுத்ததற்கு அவையே அடையாளங்களாம். நேர்மையாகக் கொடுத்த சாதாரணக் கடனை சிவில் கோர்ட்டு வழியாகவே கேட்கலாம். ஆளைத் தேடிச் சென்று பிடித்துவருதல் கூடாது.

மெய்யான காப்பு, நட்டப்படும் தொகையைச் சிறிதாக வைத்தலேயாம். அரை மாதச் சம்பளம் போனால் அது ஒரு பருவத்துத் தீவன விலையேற்றத்திற் போவதினும் குறைவு. பெருந்தொகைக்குப் பதிலாக நல்ல கூலியும், குறித்த தேதியிற் சம்பளமும், ஒழுகாத வீடும், நல்ல தண்ணீரும் தருகின்ற பண்ணைக்கு, போன குடும்பமே தன் உறவினரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருதலை இவ்வட்டாரத்திற் கண்டிருக்கிறோம்.

பண்ணையிலும் ஆலையிலும் கவனிக்கத்தக்கன

கோழிப்பண்ணையில் கணவன் பெயருக்கே சம்பளம் எழுதி மனைவியின் உழைப்பை அதனுள் அடக்கிவிடும் வழக்கம் உண்டு. இது தவறு. இருவருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனிக் கணக்கு, ஒரே வேலைக்கு ஒரே கூலி இருத்தல் வேண்டும்.

கோழிக்கு விடுமுறை இல்லை, ஆளுக்கு உண்டு. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும். ஆறு பேர் வேலை செய்யுமிடத்தில் ஒரு மாற்றாளை வைத்து, நாளுக்கொருவராக ஓய்வு கொடுத்தால் ஏழாம் நாள் மாற்றாளுக்கும் ஓய்வு கிடைக்கும், வேலையும் தடைப்படாது. நான்கைந்து பேரே உள்ள சிறு பண்ணைகள் அடுத்த பண்ணையோடு சேர்ந்து ஒரு மாற்றாளை வைத்துக்கொள்ளலாம்.

ஜவ்வரிசி ஆலையில் கிழங்குத் தோல் சீவும் பெண்களுக்கும், வெல்ல ஆலையில் கொப்பரைக் கணக்கில் வேலை செய்வோருக்கும் எடைக்கூலியோ உருப்படிக்கூலியோ கொடுக்கப்படுகிறது. அக்கூலி முறை சட்ட விரோதமன்று. ஆனால் ஒரு நாள் உழைப்பிற்கு அது குறைந்தபட்ச நாட்கூலிக்குக் குறையலாகாது. குறித்த நேரத்திற்கு மேல் வேலை வாங்கினால் இருமடங்கு கூலி உண்டு. இயந்திர சக்தியோடு 20 பேர் வேலை செய்யும் ஆலை தொழிற்சாலையாகக் கொள்ளப்படும். பத்துப் பேருக்குக் குறையாது வேலை செய்யும் நிலையங்களில் ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தல் வேண்டும். அக்கடிதம் அவர் படித்தறியும் மொழியில் இருத்தல் நலம்.

14 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைத்தலாகாது. பெற்றோருக்குக் கூடமாட உதவுகிறான் என்னும் சமாதானம் செல்லாது. குடும்பத்தார் சொந்தமாக நடத்தும் தொழிலுக்கு மட்டுமே, அதுவும் பள்ளி நேரம் போக, அவ்விலக்கு உண்டு. கூலிக்கு அமர்ந்த குடும்பத்தின் பிள்ளை முதலாளியின் கொட்டகையில் முட்டை பொறுக்கினால் அது வேலையே. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைக்குக் கல்வி உரிமை என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. பிற மாநிலத்துப் பிள்ளையை அருகிலுள்ள பள்ளியிற் சேர்க்கப் பண்ணையாளர் ஒரு காலைப்பொழுது செலவிட்டால் போதும்.

பதிவேடு

ஒரு பக்கத்திற்கு ஓர் ஆள் என்று ஒதுக்கி, பெயர், ஊர், வயது, சேர்ந்த தேதி, வேலை, பேசிய கூலி என்பவற்றைத் தலைப்பில் எழுதுக. கீழே மாதந்தோறும் வேலை நாட்கள், கூலி, முன்பணம் கொடுத்த தேதியும் தொகையும், பிடித்தம், கையிற் கொடுத்தது, நிலுவை என்று கட்டங்கள் இடுக. சம்பளத்தை பாங்கிக் கணக்கில் செலுத்தினால் ஆதாரம் தானே கிடைக்கும். அப்பக்கத்தின் நகல் ஒன்றைத் தொழிலாளியிடமும் கொடுத்தல் வேண்டும். இருவரிடமும் ஒரே கணக்கு இருக்குமாயின் பாதி வழக்குகள் எழாமலே போகும்.

கூலி விகிதம் ஆண்டுதோறும் அகவிலைப்படியால் மாறக்கூடியது. ஆகையால், ஜில்லாத் தலைநகரிலுள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்க. புதிய சட்டத்தில் ஆய்வாளர், சோதிப்பவராக மட்டுமன்றி உதவுபவராகவும் ஆக்கப்பட்டுள்ளார். கூலிச் சட்டத்தின்கீழ் வழக்கிடுமுன் குறையைத் திருத்த அவகாசம் தருதல் அவர் கடமை. ஆனால் ஐந்தாண்டிற்குள் அதே தவறு மீண்டும் நிகழ்ந்தால் அவ்வவகாசம் இல்லை. குறைவான கூலி கொடுத்ததற்கு அபராதம் 50,000 ரூபாய் வரையில் ஆகும். ஆகவே அவர் வருமுன்னரே நாம் சென்று கேட்டல் சிக்கனம்.

இம்மாத இறுதியில், பண்ணையாளர் ஒவ்வொருவரும் தம் ஆட்களின் முன்பண நிலுவையை எழுதிப் பார்க்க வேண்டுகிறோம். அரை மாதச் சம்பளத்திற்கு மேற்பட்டு நீண்ட நாளாக நிற்கும் நிலுவை எதுவாயினும், அதனைக் குறைக்கும் வழியை ஆளோடு உட்கார்ந்து பேசுக. பேசி முடித்தபின், "உங்களுக்கு விருப்பமானால் போகலாம், கணக்கைத் தனியே தீர்த்துக்கொள்வோம்" என்று வாய்திறந்து சொல்லுக. அவ்வொரு சொல்லைச் சொல்லக்கூடிய பண்ணையாளர் எந்த அதிகாரிக்கும் அஞ்ச வேண்டுவதில்லை.