தறி வீட்டுக் கொல்லைக்கு எந்தக் கல்?

ஆரணியில் வீடு கட்டுகிறவர்கள் தரைக்கும் கதவுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கொல்லைப் பாதை என்று வந்துவிட்டால் மிச்சம் கிடக்கும் சிமெண்டைக் கொட்டி மெழுகச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாதை வேம்பின் வேர் தூக்கி ஒரு பக்கம் வெடிக்கும், மறுபக்கம் ஐப்பசி மழையில் பாசி பிடிக்கும். கொஞ்சம் யோசித்துச் செய்தால் இரண்டு தலைமுறைக்கு நிற்கும் பாதை கிடைக்கும்.

முதலில் அதன் மேல் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டு நெய்யும் தறி வீட்டில் நடப்பது வெறுங்கால். கிணற்றடியிலிருந்தும், நூல் காயும் கொடியடியிலிருந்தும் வருகிற கால் நேராகத் தறிக்குழிக்குள் இறங்கி மிதிமேல் நிற்கும். ஒட்டி வந்த செம்மண் பட்டில் பட்டால் கறை போகாது. ஆகவே பாதைக்கு மூன்று வேலை: சித்திரை வெயிலில் காலைச் சுடக் கூடாது, மழையில் வழுக்கக் கூடாது, மண்ணை உள்ளே அனுப்பக் கூடாது.

இந்த மூன்றையும் ஓரளவு ஒருங்கே தருவது கருங்கல் பலகைதான். பாலிஷ் போட்டதை வாங்காதீர்கள். நனைந்தால் ஆளைக் கவிழ்க்கும். உளியால் கொத்திய கல்லோ, தீயில் காட்டிச் சொரசொரப்பாக்கிய ‘ஃப்ளேம்’ கல்லோ போதும். நிறம் வெளிர் சாம்பலாக இருக்கட்டும். வெயிலில் கால் சுடுவதில் கல்லின் வகையைவிட நிறத்துக்குப் பங்கு அதிகம். கோயில் பிராகாரங்களில் கோடை வந்தால் வெள்ளைப் பூச்சு அடிப்பது இதனால்தான். கறுப்புக் கல் கண்ணுக்கு அழகு, மதியம் இரண்டு மணிக்கு அதன் மேல் நின்று பார்த்தால் தெரியும்.

கடப்பா கல் விலை குறைவு, ஆந்திரத்திலிருந்து வந்து எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அடுப்படி மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் அருமையான கல். கொல்லைக்கு இரண்டு குறை உண்டு. ஒன்று, கறுப்பு. மற்றொன்று, அது சுண்ணாம்புக்கல். அமிலம் பட்டால் அரிக்கும். பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது அசிட்டிக் அமிலம் சேர்க்கிறார்கள். வீட்டிலேயே சாயம் முக்குகிறவர்கள் வாளியிலிருந்து சிந்துகிற இடத்தில் கடப்பா கல் போட்டால் சில மாதத்தில் மேல்பளபளப்பு போய்த் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். புளியமரத்தடியிலும் அதே கதைதான். கருங்கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை.

செங்கல் பதித்த பாதை பார்க்கக் குளுமை, காலையும் அதிகம் சுடாது. நாட்டுச் செங்கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் நிழலில் பாசி கட்டும், உப்புப் பூக்கும். வெயில் நன்றாக விழும் இடத்தில் மட்டும், நன்றாக வெந்த கல்லைப் பக்கவாட்டில் நிறுத்திப் பதிக்கலாம். ஜல்லி கொட்டிய பாதை செலவு குறைவானது, மழைநீரையும் அப்படியே மண்ணுக்குள் விடும். ஆனால் வெறுங்காலால் முக்கால் ஜல்லியில் நடக்கச் சொல்வது பிரார்த்தனைக்கு ஆகும், அன்றாட வாழ்க்கைக்கு ஆகாது.

இப்போது எல்லா இடத்திலும் பேவர் பிளாக். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நடக்க மட்டும் என்றால் 60 மில்லிமீட்டர் தடிமன் தாராளம். கார் ஏறும் என்றால் 80. வேர் தூக்கினால் நாலு கல்லைப் பெயர்த்து, வேரை ஒதுக்கி, மணலைச் சமன் செய்து மறுபடி போட்டுவிடலாம். சிமெண்ட் தளத்தில் இது நடக்காது. மழைநீர் இறங்கும் இடுக்குகளைச் சிமெண்ட் பூசி அடைக்கச் சொல்லும் மேஸ்திரியை மட்டும் தடுத்து நிறுத்துங்கள். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஒரு மூலையில் தொட்டி கட்டிவிட்டு மிச்சக் கொல்லையை முழுக்கச் சிமெண்டால் மூடுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

எந்தக் கல்லாக இருந்தாலும் பாதையைக் காப்பது அடித்தளம். மூன்றடி அகலம், நாற்பதடி நீளம் என்று வையுங்கள். 120 சதுர அடி. மேல்மண்ணை வெட்டி எடுத்து, நாலு அங்குலத்துக்கு கிராவலோ ஒன்றரை ஜல்லியும் கல்தூளும் கலந்ததோ போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசு கட்டையால் இடிக்க வேண்டும். இதற்கு 40 கன அடி, அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. இடித்தால் அமுங்கும் என்பதால் அரை யூனிட்டாகவே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், 15 கன அடி. இரண்டு அங்குலக் கருங்கல் பலகை ஒரு சதுர அடி சுமார் 12 கிலோ இருக்கும். முழுப் பாதைக்கு ஒன்றரை டன். வண்டி கொல்லை வரை வருமா, சந்தில் ஆள்தான் தூக்க வேண்டுமா என்பதைக் கல் வாங்குமுன் பாருங்கள். கூலிக் கணக்கே மாறிவிடும்.

ஆரணியில் அரிசி ஆலைகள் அதிகம், உமிச்சாம்பல் மலிவாகக் கிடைக்கும். பள்ளம் நிரப்ப அதைக் கொட்டுகிறவர்கள் உண்டு. சுண்ணாம்போடு சேர்த்தால் நல்ல சரக்கு, அதில் சிலிக்கா நிறைய இருக்கிறது. ஆனால் வெறும் சாம்பலைக் கல்லுக்கு அடியில் பரப்பினால் சரியாக இறுகாது. மழை பெய்யப் பெய்யக் கல் ஆடும்.

சுவரை ஒட்டிப் போகும் பாதைக்கு இன்னொரு கவனம் வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் குழித்தறி இருந்தால், தேங்கும் நீர் முதலில் தேடிப் போவது அந்தக் குழியைத்தான். ஈரம் ஏறினால் தறிமரமும் கெடும், நூலும் கெடும். பாதை வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்தே இருக்கட்டும். சுவரிலிருந்து விலகிச் சாயட்டும். மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலச் சரிவு போதும். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது நல்லது.

பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் முழுப் பாதைக்கும் ஒரே பொருள் வேண்டியதில்லை. தறி அறை வாசலுக்கு முன்னால் ஆறேழு அடிக்கு மட்டும் கருங்கல் போட்டு, பக்கத்தில் கால் கழுவ ஒரு குழாய் வையுங்கள். அதற்கு அப்பால் பேவர் பிளாக். தென்னை, முருங்கை இருக்கும் கடைசிப் பகுதியில் ஓரடி அகலக் கல்லை ஓரெட்டுத் தூரத்துக்கு ஒன்றாகப் பதித்து இடையில் புல்லை விட்டுவிடலாம். புல்லை வெட்டாமல் விட்டால் பாம்பு வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையைத் தை, மாசியில் முடித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே பத்துக் கல் கூடுதலாக வாங்கிச் சுவரோரம் அடுக்கி வையுங்கள், அடுத்த வருடம் அதே நிறத்தில் கிடைப்பது கஷ்டம்.